விமலநாதன் தன் கையால் கட்டிய கார்

விமலநாதனுக்கு அறுபது வயதாகப் போகிறது. அதில் பிரச்சினை இல்லை. மண்டபத்துக்குள் எப்படி நுழைவது என்பதுதான் பிரச்சினை.

ஜேர்மனியின் ஹம் நகரத்தில் ஒரு தமிழருக்குச் சும்மா அறுபது வயதாகிவிட முடியாது. மண்டபம் எடுக்கவேண்டும். வாசலில் செயற்கைப் புகை விடவேண்டும். ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகும் நேரம் பார்த்து, தலைக்கு மேல் பறக்கும் கமெரா ஒன்று வண்டுபோல் இரைந்துகொண்டிருக்க, கணவனும் மனைவியும் எதிலாவது ஏறி வந்து இறங்கவேண்டும். எதில் வந்தார்கள் என்பதை வைத்துத்தான் அந்த மனிதர் அதுவரை வாழ்ந்த வாழ்க்கையை ஊர் மதிப்பிடும். ஒருவர் பல்லக்கில் வந்தார். தூக்கியவர்களில் இருவருக்கு ஏற்கெனவே முதுகில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. இன்னொருவர் தெருவை அடைக்கும் நீளமான வெள்ளைக் காரில் வந்தார். வளைவில் கார் திரும்ப மறுத்ததால் மீதித் தூரத்தை மாலையோடு நடந்தார். குணசேகரம் வெள்ளைக் குதிரை பூட்டிய வண்டியில் வந்தார். மண்டப வாசலில் நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனபோது குதிரை வாலைத் தூக்கித் தன் கடமையைச் செய்தது. வீடியோக்காரர் அந்த இடத்தை வெட்டிவிட்டார். ஊர் வெட்டவில்லை.

இருந்தாலும் அது குதிரை. அதுதான் விமலநாதனை உறுத்தியது.

குணசேகரமும் அவரும் ஜேர்மனிக்கு வந்த புதிதில் ஒரே அகதி முகாமில் ஒரே அறையில் படுத்தவர்கள். குணசேகரம் இரண்டு வயது மூத்தவர். அதனால் எல்லாவற்றையும் அவரே முதலில் செய்தார். முதல் விசா, முதல் வீடு, முதல் மெர்சிடிஸ், முதல் அறுபது. விமலநாதன் பின்னால் வந்து அதையே கொஞ்சம் சின்னதாகச் செய்வார். கம்பி செய்யும் தொழிற்சாலையில் இரண்டு பேரும் ஒரே இயந்திரத்தில் நின்றவர்கள். குணசேகரம் மேற்பார்வையாளராகிப் பின் கடை போட்டார், விமலநாதன் அதே இயந்திரத்தில் நிற்கிறார். வாழ்க்கையில் ஒரு தடவையாவது குணசேகரத்தால் வாடகைக்கு எடுக்கமுடியாத ஒன்றில் ஏறிப்போய் இறங்கவேண்டும் என்பது அவருடைய ஆசை.

அதைத் தொழிற்சாலை உணவறையில் ஒரு சஞ்சிகையில் கண்டார். கூரையில்லாத, இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, நீள மூக்கு வைத்த கார். கடையில் கிடைக்காது. இங்கிலாந்தில் ஒரு நிறுவனம் இரும்புச் சட்டகத்தையும் உடலையும் பெட்டி பெட்டியாக அனுப்பும். ஒரு பழைய காரை வாங்கி உடைத்து, அதன் எஞ்சினையும் பிறேக்கையும் எடுத்து, நாமே பொருத்திப் பூட்டவேண்டும். விமலநாதன் அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

“வாங்கினதில்லை. வாடகைக்கு எடுத்ததில்லை. கட்டினது,” என்று அன்றைக்கு வீட்டில் சொன்னார்.

மனைவி கமலாம்பிகை வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். “குசினி மேசை லாச்சிக்குக் கைபிடி கழண்டு எவ்வளவு காலம்?”

“அது வேற, இது வேற.”

“ஓம். அது சின்னது.”

அடுத்ததாக அவர் செய்த வேலை அழைப்பிதழ் அடித்தது. காரின் பெட்டிகள் அப்போது இங்கிலாந்தை விட்டே புறப்படவில்லை. ஆனால் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் நல்ல படம் ஒன்று இருந்தது: மலைப்பாதை, சிவப்புக் கார், அதில் கழுத்தில் துணி சுற்றிய ஒரு வெள்ளைக்காரரும் அவருடைய மனைவியும். அச்சகத்துக்காரர் கெட்டிக்காரர். கழுத்துக்கு மேலே விமலநாதனையும் கமலாம்பிகையையும் வைத்தார். கீழே தங்க எழுத்தில், ‘தன் கரங்களால் கட்டிய காரில்’ என்று போட்டார்.

மகள் ஆதிரை ஆஸ்பத்திரியில் இயன்மருத்துவம் செய்பவள், எதையும் அளந்து பேசுவாள். “அப்பா, கார் முடிஞ்சாப் பிறகு இந்த அழைப்புக் காட்டை அடிச்சிருக்கலாமே?”

“காட் அடிச்சால்தான் கார் முடியும், பிள்ளை. இல்லாட்டி ஆர் முடிப்பினம்?”

அழைப்பிதழ் லண்டனுக்கும் பாரிசுக்கும் போய்ச் சேர்ந்தது. குணசேகரம் அதைத் தன் கடைக் கண்ணாடியில் ஒட்டினார். தொலைபேசியில் அழைத்துச் சொன்னார்: “நல்ல விசயம் விமல். ஆனால் கடைசி நேரம் ஏதும் சிக்கல் எண்டால் ஒளிக்காமல் சொல்லும். மெர்சிடிசில நானே உங்களை ஏத்திக்கொண்டு வந்து இறக்கிவிடுறன்.”

அந்த இரவிலிருந்து விமலநாதனின் கனவில் வந்தது காரல்ல, குணசேகரத்தின் பின் இருக்கை. பிறந்தநாளுக்கு முன் காருக்கு வீதியில் ஓட நம்பர் கிடைக்கவேண்டும். கிடைக்காவிட்டால் அந்த இருக்கை.

பெட்டிகள் வந்தன. புகையிரதப் பாதையை ஒட்டிய கராஜ் வரிசையில் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார். பக்கத்துக் கராஜ்காரர் போல்மன், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். அவரே முன்பு இப்படி ஒரு கார் கட்டியவர். விமலநாதன் முதல் பெட்டியின் ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது போல்மன் கையில் கோப்பிக் குவளையோடு வந்து நின்றார்.

“பரிசோதகர் என்ன சொன்னார்?”

“எந்தப் பரிசோதகர்?”

“வாகனச் சோதனை நிலையத்தில். இந்தக் காருக்கு நம்பர் கொடுக்கலாமென்று அவர்தானே எழுதவேண்டும். பெட்டியைத் திறப்பதற்கு முன்பே போய்ப் பார்க்கவேண்டும். படத்தைக் காட்டி, இப்படிக் கட்டப்போகிறேன், எதைக் கவனிக்கவேண்டும் என்று கேட்கவேண்டும். சட்டகம் முடிந்ததும் ஒருமுறை. பிறேக் முடிந்ததும் ஒருமுறை. இறுதியில் போகும்போது கார் அவருக்குப் பழகிவிடும்.”

விமலநாதன் தலையை ஆட்டினார். கமலாம்பிகை கட்டித்தந்த மீன் ரோல்ஸ் ஒன்றை எடுத்துப் போல்மனுக்குக் கொடுத்தார். ஆலோசனைக்கு நன்றி சொல்லவும், ஆலோசனையை நிறுத்தவும் அவர் கண்ட வழி அது.

போவதாக அவர் ஒரு கணமும் நினைக்கவில்லை. கூப்பிடாமல் ஒரு அலுவலகத்துக்குப் போவதா? இந்த நாட்டில் அவர் கற்ற முதல் பாடமே அதற்கு எதிரானது. கடிதம் வந்தால் போகவேண்டும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவேண்டும். கேட்காத காகிதத்தைப் பையிலிருந்து எடுக்கக்கூடாது. முகாமில் ஒருவன் தன் வழக்கு எப்படிப் போகிறது என்று அறியத் தானாகவே வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய் விசாரித்தான். அடுத்த மாதம் அவனைத் திருப்பி அனுப்ப உத்தரவு வந்தது. இரண்டுக்கும் தொடர்பிருந்ததா என்று யாருக்கும் தெரியாது. முகாமே தொடர்பிருப்பதாக முடிவு செய்தது. இப்போது விமலநாதன் ஜேர்மன் குடிமகன், தேர்தலில் வாக்குப் போடுகிறார், தபால்காரருக்கு நத்தார்ப் பரிசு கொடுக்கிறார். ஆனாலும் அரசாங்க அலுவலக உறையைக் கண்டால் கையைக் கழுவிவிட்டு வந்துதான் பிரிப்பார். அப்படிப்பட்டவர் பாதி காரோடு ஒரு அதிகாரி முன்னால் போய், நான் இதைச் செய்கிறேன், பிழை கண்டுபிடியுங்கள் என்று நிற்பாரா? முழுதாகக் கட்டி, துடைத்து, மினுக்கி, பிழைபிடிக்க இடமில்லாமல் கொண்டுபோய் நிறுத்துவார். விசாவையும் அப்படித்தான் எடுத்தார்.

வேலை தொடங்கியது. முதல் போல்ட்டைக் கைராசிக்காரர் ஒருவரைக் கொண்டு பூட்டவேண்டும் என்று முடிவாகியது. கைராசிக்குப் பெயர்போனவர் யோகம். பொதி விநியோகம் செய்யும் வானும் அதன் பின்னால் பூட்டும் இழுவைப் பெட்டியும் வைத்திருப்பவர். அவர் கால்கோள் இட்ட வீடுகள் எல்லாம் விலை ஏறியிருந்தன. ஹம்மில் எல்லா வீடுகளும் விலை ஏறியிருந்தன என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. யோகம் வந்து, கைகால் கழுவி, சூடம் காட்டி, முதல் போல்ட்டை இறுக்கினார்.

சிக்கல் அதற்குப் பிறகு. யோகத்துக்குக் கைராசி என்றால் எங்களுக்கு இல்லையா என்ற கேள்வி எழுந்தது. சனிக்கிழமைதோறும் கராஜுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் ஏதாவது ஒன்றை இறுக்காமல் போக மனம் வரவில்லை. பத்து வருடமாகக் கோபத்தில் இருந்தவர்கள்கூட வந்து, பேசாமல் ஒரு போல்ட்டை இறுக்கிவிட்டுப் போனார்கள். மறிக்க விமலநாதனால் முடியவில்லை. மறித்தால் உம்முடைய கையில் ராசி இல்லை என்று சொன்னதாகிவிடும். அதைச் சொல்லிவிட்டு ஹம்மில் யாரும் வாழமுடியாது. பின்சில்லுகளின் பிறேக்கை மட்டும் அவர் வெளியாட்களிடம் விடவில்லை. அதை யோகத்திடம் கொடுத்தார்.

“இடப்பக்கம் நல்லா இறுகீட்டுது அண்ணை,” என்றார் யோகம் காருக்கு அடியிலிருந்து.

“வலப்பக்கம்?”

“அதுவும் அப்பிடித்தான் வரும்.”

மழை பெய்த சனிக்கிழமைகளில் கராஜின் கதவைப் பாதி இறக்கிவிட்டு மண்ணெண்ணெய்க் கதை நடக்கும். யாழ்ப்பாணத்தார் எஞ்சின் ஒன்றைச் சுற்றி நின்றால் அந்தக் கதை வராமல் போகாது. யுத்தத்தில் வடக்குக்குப் பொருளாதாரத் தடை போட்ட காலத்தில் பெற்றோல் இல்லாமல் ஊரே மண்ணெண்ணெயில் ஓடிய கதை.

“சேலைன் போத்தலில துளிப் பெற்றோல்,” என்று விமலநாதன் தொடங்குவார். “ஸ்டார்ட் பண்ண மட்டும். பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்து. பழைய ஒஸ்ரின் ஏ-போட்டி கார், பறக்கும். அப்பிடி ஓட்டின ஆக்கள் நாங்கள். எங்களுக்கு வரைபடம் காட்டுறான் இங்கிலீசுக்காரன்.”

“எங்கட ஆக்களின்ர மூளை வேற மூளைதானே,” என்பார் யோகம்.

ஒரு சனிக்கிழமை கமலாம்பிகை தேநீர்ப் போத்தலோடு உள்ளே வந்தபோது கதை பறந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: “நீங்கள் எந்த வருசம் இஞ்ச வந்தனீங்கள்?”

“எண்பத்தாறு,” என்றார் விமலநாதன்.

“யோகம், நீர்?”

“எண்பத்தெட்டு, அக்கா.”

“தடை வந்தது தொண்ணூறில.” எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். கராஜில் நின்ற யாரும் தொண்ணூறில் அங்கே இருக்கவில்லை. “நான் இருந்தனான். அப்பாவுக்கு நெஞ்சு நோ எண்டு ஏ-போட்டியில ஏத்தினது. கோண்டாவில் சந்தியில நிண்டிட்டுது. நாங்கள் தள்ளினம். புகை முழுக்க உள்ளுக்க. அப்பா இருமி இருமி, இதுக்குள்ள இருந்தால் செத்துப்போவன் எண்டு இறங்கி நடந்தார்.”

“பிறகு?”

“நடந்து போய்த்தான் பிழைச்சார்.”

“அது டிறைவரின்ர பிழையா இருக்கும்,” என்றார் விமலநாதன்.

உடல் ஏறியதும் கார் காராகத் தெரிந்தது. சிவப்பாக, தாழ்வாக, நீள மூக்கோடு, உண்மையிலேயே அழகாக இருந்தது. விமலநாதன் முதல்முறையாக இருக்கையில் அமர்ந்தார். கால் பெடலுக்கு எட்டவில்லை. நெடிய வெள்ளைக்காரனை மனதில் வைத்து வடிவமைத்த கார். நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டிருக்கலாம். கேட்பது என்பதே அவருக்கு ஆகாது என்பதைப் பார்த்துவிட்டோம். துளை கருவியை எடுத்தார். இருக்கையையும் பெல்ட் பூட்டும் இடத்தையும் முன்னுக்கு நகர்த்தி, சட்டகத்தின் இரும்புக் குழாயில் புதிதாகத் துளைகள் போட்டார். வரிசையாக, வடிவாக, உள்ளும் புறமும் ஊடுருவிய துளைகள். பக்கத்துக் கராஜிலிருந்து போல்மன் அந்தச் சத்தத்தைக் கேட்டு எட்டிப்பார்த்தார். வாயைத் திறந்தார். விமலநாதன் ரோல்ஸ் இருந்த டப்பாவை நோக்கிக் கையை நீட்டியதும் மூடிக்கொண்டு போனார்.

இறுதியாகப் பிள்ளையார். மூக்கின் நுனியில் நிறுவனத்தின் சின்னம் இருக்கவேண்டிய இடத்தில், பித்தளையில், ஒரு சாண் உயரத்தில். அடியில் தடித்த தகடு கொடுத்து நீளப் போல்ட்டால் இறுக்கினார். ஆட்டிப் பார்த்தார். முழுக் காரும் ஆடியது, பிள்ளையார் ஆடவில்லை.

பிறகுதான் சோதனை நிலையத்தில் நாளும் நேரமும் குறித்து டெர்மின் எடுத்தார். பிறந்தநாள் அடுத்த வாரம்.

யோகத்தின் இழுவைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். விமலநாதன் கோட் போட்டிருந்தார். பரிசோதகர் ஒரு பெண், ஆதிரையின் வயதிருக்கும். காரைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“இதை நீங்களே கட்டினீர்களா?”

“என் கையால்,” என்றார் விமலநாதன். பின்னால் நின்ற யோகம் தன் கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

அவள் காரைச் சுற்றி வந்தாள். வர்ணம் நன்றாக இருக்கிறது என்றாள். கம்பிகள் ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கின்றன என்றாள். மூக்கின் அருகே நின்றாள். கையுறையைக் கழற்றிவிட்டுப் பிள்ளையாரை மெதுவாகத் தள்ளிப் பார்த்தாள்.

“இவர் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறார்?”

“போல்ட். நூறு வருடத்துக்கு அசையமாட்டார்.”

“அதுதான் சிக்கல். வீதியில் யார்மீதாவது கார் மோதினால் இவர் மடங்கவேண்டும். அல்லது கழன்று விழவேண்டும்.”

விமலநாதன் பிள்ளையாரைப் பார்த்தார். மடங்குகிற சாடை தெரியவில்லை.

“தடையள் நீக்கிற ஆள் எண்டு சொல்லுங்கோ அண்ணை,” என்று யோகம் தமிழில் எடுத்துக் கொடுத்தார். “பிறேக்குக்குச் சமன் எண்டு சொல்லுங்கோ.”

“நீர் பிறேக்கைப் பற்றிக் கதையாதையும்.”

பிறேக்குக்கு அவளே வந்தாள். உருளைகளின்மேல் பின்சில்லுகளை ஏற்றி மிதிக்கச் சொன்னாள். இடச்சில்லு உடனே பிடித்தது. வலச்சில்லு யோசித்தது. இன்னொரு தடவை மிதிக்கச் சொன்னாள். திரும்பவும் யோசித்தது. அதைச் சரிசெய்யலாம், ஒரு நாள் வேலை என்றாள். விமலநாதனுக்கு மூச்சு வந்தது. பிறகு விளக்கோடு காருக்கு அடியில் போனாள். நெடுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது அவள் முகத்தைக் கண்ட யோகம், போன் வந்ததுபோல் அப்பால் போனார்.

“இந்தத் துளைகள் வரைபடத்தில் இல்லை.”

“என் கால் எட்டவில்லை.”

“நிறுவனத்துக்கு எழுதியிருந்தால் பெடலை முன்னுக்குக் கொண்டுவரும் பாகத்தை அனுப்பியிருப்பார்கள். சட்டகத்தில் துளையிடக்கூடாது. பெல்ட்டை அந்தத் துளையில்தானே பூட்டியிருக்கிறீர்கள்? மோதினால் குழாய் கிழியும், பெல்ட்டும் ஆளும் சேர்ந்து போவார்கள்.”

விமலநாதனிடம் ஒன்றுதான் மிச்சமிருந்தது. “எங்கள் ஊரில் யுத்த காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டினோம்.”

அவள் உண்மையான ஆவலோடு நிமிர்ந்தாள். “நீங்களா ஓட்டினீர்கள்?”

“எங்கள் ஆட்கள்.”

“அருமை,” என்றாள் அவள். “ஆனால் இந்தக் குழாயை வெட்டி மாற்றவேண்டும். நிறுவனம் அதைப் பார்த்துச் சான்று தரவேண்டும். மாதங்கள் பிடிக்கும். நீங்கள் தொடங்கும்போதே வந்திருக்கலாமே? இப்படிக் கட்டுகிறவர்கள் எல்லோரும் வருவார்கள். இருந்து கோப்பி குடித்துக்கொண்டு படம் பார்ப்போம். எனக்கும் அது பிடிக்கும். ஏன் வரவில்லை?”

“நீங்கள் கூப்பிடவில்லையே,” என்றார் விமலநாதன்.

பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். அவர் கோட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு நின்ற விதத்தைக் கண்டு நிறுத்தினாள்.

வீட்டுக்கு வந்ததும் கமலாம்பிகை ஒன்றைத்தான் கேட்டார். “நம்பர் தந்தவையோ?”

“சின்னச் சின்னத் திருத்தம் கிடக்கு. தருவினம்.”

கமலாம்பிகை அவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். இரகசியம் யோகத்திடம் பத்திரமாக இருந்தது. பிறேக் அவருடைய கைராசி என்பதால் அவர் வாய் திறக்கமாட்டார்.

மண்டபத்தைச் சுற்றியுள்ள நிலம் தனியார் நிலம், அங்கே நம்பர் தேவையில்லை என்று விமலநாதன் கண்டுபிடித்தார். பிறந்தநாளன்று காலையிலேயே காரைக் கொண்டுவந்து மண்டபத்தின் பின்புறம் துணிபோட்டு மூடிவைத்தார்கள். நம்பர் தகடு இருக்கவேண்டிய இடத்தில் ‘விமல் 60’ என்ற தகடு. நேரம் வந்ததும் பின்னாலிருந்து முன்வாசலுக்கு ஓட்டவேண்டியதுதான். அவ்வளவு தூரத்துக்கு ஒரு பிறேக் போதும்.

கமலாம்பிகை பட்டுச்சேலையில், மாலையோடு காருக்கருகே வந்து நின்றார். குனிந்து உள்ளே பார்த்தார்.

“ஏறும், நேரம் போகுது.”

“நான் நடந்து வாறன்.”

“என்ன விசர்க் கதை? காட்டில இரண்டு பேரும் எண்டு போட்டிருக்கு!”

“காட்டில கழுத்துக்குக் கீழ இருக்கிறது வெள்ளைக்காரி. அவவை ஏத்துங்கோ.”

நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனது. விமலநாதன் தனியாக ஓட்டிக்கொண்டு வந்தார். கமலாம்பிகை பக்கத்தில் நடந்து வந்தார். காரின் வேகம் அதற்கு வசதியாகவே இருந்தது. புகைக்குள்ளிருந்து சிவப்பு மூக்கும் பித்தளைப் பிள்ளையாரும் வெளிப்பட்டதும் சனம் விசிலடித்தது. சிலர் உண்மையிலேயே கண்கலங்கினார்கள். தன் கையால் கட்டிய கார். விமலநாதன் ஒரு கையைத் தூக்கிச் சனத்துக்கு ஆட்டினார். அந்த உணர்ச்சியில் பிறேக்கைக் கொஞ்சம் பலமாக மிதித்தார். இடச்சில்லு பிடித்தது. கார் ஒரு மாடுபோல் இடப்பக்கம் முகத்தைத் திருப்பி, பூ வளைவுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. பிள்ளையாரின் தலையில் பூமாலை விழுந்தது. கமெராவுக்காகச் செய்தது என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

கேக் வெட்டுவதற்கு முன் குணசேகரம் மைக்கை வாங்கினார்.

“விமலும் நானும் ஒரு பாணைப் பிச்சுச் சாப்பிட்ட ஆக்கள். இண்டைக்கு இந்தக் காரில முதல் ஆளா ஏறுறது நான். இது என்ர உரிமை. என்னை வீடுமட்டும் கொண்டுபோய் விடவேணும். மனிசி பின்னால மெர்சிடிசில வருவா, கழண்டு விழுறதுகளைப் பொறுக்க.”

மண்டபம் சிரித்தது. சிரித்துக்கொண்டே வெளியே வந்தது. குணசேகரம் சால்வையோடு காருக்குள் இறங்கி, பெல்ட்டை இழுத்து மார்பின் குறுக்கே மாட்டி, அதைத் தட்டிக்காட்டினார். தொலைபேசிகள் எல்லாம் உயர்ந்தன.

“போடும் சாவியை, விமல்.”

விமலநாதன் கையில் சாவியோடு நின்றார். தப்ப வழி இருந்தது. வயிறு சரியில்லை எனலாம். எஞ்சின் சூடு எனலாம். நாளைக்கு என்றால் குணசேகரம் நாளைக்கு வருவார். இரவு, வீதி, குணசேகரத்தின் எடை, அந்த அழகான துளைகள். அவர் பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இறங்குங்கோ குணம் அண்ணை. இதுக்கு நம்பர் இல்லை. சோதனையில பெயில் விட்டிட்டினம். பிறேக் ஒரு பக்கம்தான் பிடிக்குது. அந்த பெல்ட் ஆளைத் தாங்காது.”

பெரிய சிரிப்பு எழுந்தது. “விமலண்ணைக்குப் பகிடி கூடிப்போச்சு!” என்று யாரோ கத்தினார்கள். “பயப்பிடுறார், குணண்ணை காரையும் தன்ர பேரில எழுதிப்போடுவார் எண்டு!”

“காட்டில போட்டிருக்கே,” என்றார் குணசேகரம், சிரித்தபடி.

“காட்டில போட்டது பொய்.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. குணசேகரம் பெல்ட்டை இரண்டு விரலால், சூடான பாத்திரத்தைத் தொடுவதுபோல், கழற்றினார். மெதுவாக வெளியே வந்தார். விமலநாதனின் தோளில் கைவைத்தார். முகாமில் ஒரே அறையில் இருந்த காலத்திலும் அவர் இவ்வளவு அன்பாகப் பார்த்ததில்லை.

“பரவாயில்லை விமல். மனசைத் தளரவிடாதையும். உங்களை இரண்டு பேரையும் நானே கொண்டுபோய் விடுறன்.”

கேக் வெட்டி முடிவதற்குள் செய்தி லண்டனுக்குப் போய்விட்டது. கறி பரிமாறும்போது கனடாவிலிருந்து ஒருவர் ஆறுதல் சொல்லப் போன் எடுத்தார். ஆனால் வெளியே காரின் கூட்டம் குறையவில்லை. ஓடாது என்று தெரிந்ததும் எல்லோருக்கும் அதில் இருந்து படம் எடுக்கத் துணிவு வந்துவிட்டது. சோடி சோடியாக ஏறினார்கள், இறங்கினார்கள். பிள்ளையாரைக் கட்டிப்பிடித்தும் எடுத்தார்கள். விமலநாதன் யாரோ ஒரு பெண்ணின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். யாருடையது என்று அவருக்கே தெரியாது.

சனம் சோற்றுக்குப் போனபின் கமலாம்பிகை கையில் ஒரு தட்டோடு வந்தார். கதவைத் திறந்து, சேலையை ஒதுக்கி, கவனமாக உள்ளே இறங்கி அமர்ந்தார்.

“சாவியைத் தாங்கோ.”

“ஏன்?”

“தாங்கோவன்.”

வாங்கித் தன் பைக்குள் போட்டு மூடினார். “இப்ப நீங்களும் வந்து இருங்கோ. சாப்பிடேல்லைத்தானே.”

விமலநாதன் சுற்றிப்போய் மற்றப் பக்கம் ஏறினார். தட்டை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தார்கள்.

“பிழை முழுக்க என்னில இல்லை,” என்றார் அவர்.

“முழுக்க இல்லைத்தான். யோகத்துக்கும் கொஞ்சம் விடுங்கோ.”

“குணம் அண்ணை தோளில கை வைச்சார், பாத்தனீரே?”

“பாத்தன். மெர்சிடிசில போறதுக்கு எனக்கும் விருப்பமில்லை. பஸ் இருக்கு.”

வீடியோக்காரர் அவர்களைக் கண்டு ஓடிவந்தார். அன்றைக்கு முழுவதும் கணவனும் மனைவியும் சேர்ந்து காரில் இருக்கும் காட்சி அவருக்குக் கிடைத்திருக்கவில்லை.

“அண்ணை, ஸ்டேரிங்கைப் பிடியுங்கோ. அக்கா, தலைமயிர் காத்தில பறக்கிற மாதிரி ஒருக்கால் சிரியுங்கோ. நான் கமெராவை ஆட்டி எடுக்கிறன், ஓடுற மாதிரியே வரும்.”

விமலநாதனின் கை தானாக ஸ்டேரிங்குக்குப் போனது.

“ஆட்டாதையும் தம்பி,” என்றார் கமலாம்பிகை. “நிக்குது எண்டே எடும்.”